வாசகர் கேள்வி – பதில்: கார்ட்டூனுக்குள் பேசும் பெண்கள்

சென்ற இதழில், பறக்கும் அணில் ராக்கிக்கும் அவனைத் துரத்தும் உளவுக்காரி நடாஷாவுக்கும் ஜூன் ஃபோரே என்ற ஒரே நடிகைதான் குரல் கொடுத்தார் என்று போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆகவே இந்த இதழ் முழுவதையும், சிறுவர் அனிமேஷன் படங்களுக்குக் குரல் தரும் நடிகைகளைப் பற்றிய கேள்விகளுக்கே ஒதுக்கிவிட்டேன்.

ஒரே பெண் ஒரே காட்சியில் இரண்டு பாத்திரங்களாகப் பேசுவது எப்படி முடியும்? ஜூன் ஃபோரேயைப் பற்றி விரிவாக எழுத வேண்டும்.
— ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

ஜூன் ஃபோரே 1917 செப்டம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் உள்ளூர் வானொலி நாடகம் ஒன்றில் அவருடைய குரல் முதன்முதலாக ஒலித்தது. குடும்பம் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்த பிறகு, சிறுவர்களுக்கான வானொலி நிகழ்ச்சி ஒன்றைத் தாமே எழுதித் தாமே நடத்தினார். அவருடைய மற்றப் பெருமைகளையெல்லாம்விட இந்த வானொலிப் பயிற்சியையே நான் முதலில் சொல்வேன். வானொலி நாடகத்தில் முகபாவமோ உடையோ மேடை வெளிச்சமோ கைகொடுப்பதில்லை. உள்ளே வந்தவள் கிழவி என்பதையும், அவள் மூச்சிரைக்கப் படியேறி வந்திருக்கிறாள் என்பதையும், அவள் கையிலிருக்கும் மூட்டை கனமானது என்பதையும் குரல் ஒன்றே சொல்லியாக வேண்டும். கார்ட்டூன் அவரைத் தேடி வந்தபோது அவர் கையில் இந்தக் கலை முழுமையாக இருந்தது.

1950இல் வெளியான டிஸ்னியின் ‘சிண்டரெல்லா’வில் லூசிஃபர் என்ற பூனைக்குக் குரல் கொடுத்தவர் அவர்தான். அந்தப் பூனைக்கு வசனம் ஒரு வரிகூடக் கிடையாது. சீறலும் முனகலும் வஞ்சம் தீர்த்துக்கொண்ட திருப்தியும் மட்டும்தான். ஆனாலும் அந்தப் பூனையின் குணம் என்ன என்று பார்க்கிற குழந்தைக்கு ஐயமே எழுவதில்லை. 1959இல் ராக்கியும் அவன் நண்பனான புல்விங்கிள் என்ற காட்டுமானும் தொலைக்காட்சிக்கு வந்தார்கள்.

ராக்கியின் குரல் உயர்ந்தது, திறந்தது, வாயின் முன்பக்கத்திலிருந்து வருவது. நடாஷாவின் குரல் தாழ்ந்தது, நெஞ்சிலிருந்து எழுவது, உயிரெழுத்துகளை இழுத்து இழுத்துப் பேசுவது. இந்த உயர்வு தாழ்வைப் பயிற்சியுள்ள பலரும் செய்துவிடுவார்கள். ராக்கி எதிரில் நிற்பவரை உடனே நம்பிவிடுகிறவன், நடாஷாவோ யாரையும் நம்பாதவள். இந்த இரண்டு மனங்களும் ஒரே தொண்டைக்குள் மாறி மாறி வந்து உட்கார்ந்தன. தாங்கள் கேட்கும் ‘எப்படி’ என்பதற்கு எனக்குத் தெரிந்த விடை இதுதான். சாவி கொடுத்தால் குரல் மாறும் பொம்மையைப் போலக் குரல் நடிகையை நினைப்பது தவறு. பொம்மை என்றதும் இன்னொரு செய்தி நினைவுக்கு வருகிறது. கயிற்றை இழுத்தால் அன்பாகப் பேசும் சாட்டி கேத்தி என்ற பொம்மை 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்கச் சிறுமிகளிடையே பெரும்புகழ் பெற்றிருந்தது. அதற்குள் ஒலித்தது ஃபோரேயின் குரல். 1963இல் ஒரு தொலைக்காட்சித் தொடரில், தன்னை வெறுக்கும் மனிதனை மெல்லிய குரலில் மிரட்டும் பொம்மைக்கும் அவரே குரல் தந்தார். இரண்டிலும் கேட்பது சிறுமியின் கொஞ்சல்தான். ஆனால் இரண்டாவதைக் கேட்டால் நெஞ்சு சில்லிட்டுவிடும்.

1998இல் ‘முலான்’ படத்தின் பாட்டியாகப் பேசினார். 2012இல், 94ஆம் வயதில், கார்ஃபீல்டு பூனைத் தொடரில் ஏற்ற பாத்திரத்துக்காக எம்மி விருது பெற்றார். 2014இல் வெளியான குறும்படம் ஒன்றில் மீண்டும் ராக்கியாகப் பேசினார். சிறுவனின் துள்ளலோடு பேசிய அந்த மூதாட்டிக்கு அப்போது வயது 96. நூறு வயதை எட்டுவதற்கு இரண்டு மாதங்களுக்கும் குறைவாகவே இருந்தபோது, 2017 ஜூலை 26 அன்று காலமானார்.

சிறுவன் பாத்திரங்களுக்குப் பெரும்பாலும் பெண்களே குரல் கொடுக்கிறார்களாமே? சிறுவர்களையே பேச வைக்கக் கூடாதா?
— வாசகி ஒருவர், இரண்டு பிள்ளைகளின் தாய்

பேச வைக்கலாம், வைத்தும் இருக்கிறார்கள். 1965இல் சார்லி பிரவுன் என்ற கார்ட்டூன் சிறுவனின் கிறிஸ்துமஸ் படம் தொலைக்காட்சியில் வந்தபோது உண்மையான குழந்தைகளே பேசினார்கள். அந்தப் பேச்சில் இருந்த தடுமாறல்களும் இடம்மாறிய அழுத்தங்களும் பெரியவர்களால் எளிதில் கொண்டுவர முடியாதவை. ஆனால் பிள்ளைகள் வளர்ந்தார்கள், குரல் உடைந்தது, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய பிள்ளைகளைத் தேட வேண்டியிருந்தது. பல ஆண்டுகள் ஓட வேண்டிய தொடருக்கு இது சரிப்படுவதில்லை. படிக்கிற பிள்ளைகளை நீண்ட நேரம் ஒலிப்பதிவுக் கூடத்தில் நிறுத்தி வைப்பதும் சரியல்ல. ஒரே வரியை இருபது முறை இருபது விதமாகக் கேட்டாலும் சலிக்காமல் தருகிறவர் தேர்ந்த நடிகைதான்.

ஜப்பானில் 1936இல் பிறந்த மசாகோ நோசாவா, 1986 முதல் சோன் கோக்கு என்ற வீரச் சிறுவனாகப் பேசி வருகிறார். கதையில் அந்தச் சிறுவன் வளர்ந்து தந்தையான பிறகும் குரல் மாறவில்லை. அவனுடைய இரண்டு மகன்களுக்கும் அவரே குரல் தந்தார்; தந்தையும் மக்களும் உரையாடும் காட்சியில் ஒரு பெண்மணி தமக்குத் தாமே பதில் சொல்லிக்கொண்டிருப்பார். நான்சி கார்ட்ரைட் 1987இல் குரல் தேர்வுக்குப் போனது லிசா சிம்ப்சன் என்ற சிறுமியின் பாத்திரத்துக்காக. போன இடத்தில் அவளுடைய அண்ணன் பார்ட்டின் பாத்திரக் குறிப்பைப் படித்துவிட்டு, அதையே தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டார். எந்தப் பாத்திரம் தம்முடையது என்று அறிந்துகொள்ளும் இந்தக் கூர்மையும் தொழில் திறமையில் ஒரு பகுதி.

படத்தைப் பார்த்துப் பேசுவார்களா, பேச்சைக் கேட்டுப் படம் வரைவார்களா?
— பொறியியல் மாணவர் ஒருவர்

இரண்டும் உண்டு. அமெரிக்க முறையில் பெரும்பாலும் குரல் முதலில். நடிகை பேசி முடித்த பிறகு, அந்தப் பேச்சை விநாடிக்கு 24 படச் சட்டங்களாக (ஃபிரேம்களாக)ப் பகுத்து, எந்தச் சட்டத்தில் எந்த ஒலி வருகிறது என்று குறித்துக்கொண்டு, அதற்கேற்ற வாயசைவை ஓவியர் வரைகிறார். ஆகவே நடிகையின் ஒரு தயக்கம் ஓவியரின் கையில் ஒரு புருவ உயர்வாகப் பிறக்கிறது. ஜப்பானிய முறையில் படம் முதலில் வரும். திரையில் ஓடும் காட்சியைப் பார்த்தபடி பல நடிகர்கள் ஒரே அறையில், சில மைக்குகளை முறைவைத்துப் பகிர்ந்துகொண்டு பேசுவார்கள். டப்பிங்கில் நிலைமை இதைவிடக் கடினம். வேற்றுமொழிக்காக வரையப்பட்ட வாய் எப்போது திறக்கிறதோ அப்போது பேச வேண்டும், மூடும்போது முடிக்க வேண்டும், அந்த அவசரம் கேட்பவருக்குத் தெரியவும் கூடாது. டப்பிங் கலைஞரை இரண்டாம்தர நடிகர் என்று எண்ணுகிறவர்கள் ஒரே ஒரு நிமிடக் காட்சிக்கு முயன்று பார்த்தால் போதும்.

திரை நடிகைகளின் பெயரை ஊரே அறிந்திருக்கிறது. இவர்களுடைய பெயர் மட்டும் ஏன் தெரிவதில்லை?
— நூலகர் ஒருவர்

நீண்ட காலம் அந்தப் பெயர்கள் திரையில் எழுதப்படவே இல்லை. 1937இல் வெளியான ‘ஸ்னோ ஒயிட்’ படத்தில் இளவரசியாகப் பேசியவரும் பாடியவரும் அட்ரியானா காஸெலோட்டி என்ற இளம்பெண். படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. வார்னர் நிறுவனக் கார்ட்டூன்களில் 1940களின் நடுப்பகுதியிலிருந்து மெல் பிளாங்க் என்ற மாபெரும் கலைஞரின் பெயர் ஒப்பந்தப்படி திரையில் வந்தது. அதே படங்களில் பேசிய மற்றவர்களின் பெயர்கள் விடுபட்டன. ட்வீட்டி என்ற மஞ்சள் குருவியைக் காப்பாற்றும் பாட்டியாக முதலில் பேசிய பீ பெனடெரெட்டும், 1955இல் அந்தப் பாத்திரத்தை ஏற்றுக்கொண்ட ஃபோரேயும் அப்படிப் பெயரின்றிப் பேசியவர்களே. பாத்திரம் உண்மையிலேயே உயிரோடிருப்பதாகக் குழந்தை நம்ப வேண்டும் என்று இதற்குச் சமாதானம் கூறுவதுண்டு. எனக்கு அந்தச் சமாதானத்தில் உடன்பாடில்லை. கதை சொல்லும் பாட்டிதான் கதையில் வரும் நரியாகவும் பேசுகிறாள் என்பது குழந்தைக்குத் தெரியும். தெரிந்தும் அது நரிக்குப் பயப்படும்.

ஃபோரேயைப் பலரும் ‘பெண் மெல் பிளாங்க்’ என்று புகழ்ந்தபோது, மெல் பிளாங்க்கைத்தான் ‘ஆண் ஜூன் ஃபோரே’ என்று சொல்ல வேண்டும் என்று இயக்குநர் சக் ஜோன்ஸ் திருத்தியதாகச் சொல்வார்கள். ஆனால் ஃபோரே இத்தகைய பாராட்டுகளுக்காகக் காத்திருக்கவில்லை. அனிமேஷன் கலைஞர்களுக்கென்று தனி விருது வேண்டும் என்று அவர் முன்வைத்த யோசனையிலிருந்து 1972இல் பிறந்தவை ஆனி விருதுகள். முழுநீள அனிமேஷன் படத்துக்குத் தனி ஆஸ்கர் வேண்டும் என்று அகாடமிக்குள் இருந்தபடியே நெடுங்காலம் வாதாடினார். அந்த விருது 2002இல் முதன்முறையாக வழங்கப்பட்டது. தங்கள் நூலகத்துக்கு வரும் சிறுவர்களுக்குப் படம் போட்டுக் காட்டும் வழக்கம் இருந்தால், இறுதியில் ஓடும் பெயர்களை நிறுத்தாமல் ஓடவிட்டு, குரல் தந்தவர்களின் பெயர்களை உரக்கப் படித்துக் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

என் குரல் கரகரப்பாக இருக்கும். வகுப்பில் கேலி செய்வதால் வாய் திறக்கவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் கார்ட்டூன்களுக்குக் குரல் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. இது நடக்குமா?
— கல்லூரி மாணவி ஒருவர்

அன்புத் தங்கைக்கு, உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். 1933இல் டோக்கியோவில் பிறந்த நோபுயோ ஓயாமாவும் பள்ளிப் பருவத்தில் உன்னைப் போலவே குரலுக்காகக் கேலி செய்யப்பட்டவர். பேசவே தயங்கிய மகளிடம், குரலை மூடி வைக்காதே, அதைப் பயன்படுத்தும் வேலையில் சேர் என்று தாய் தூண்ட, அவர் பள்ளியின் ஒலிபரப்புக் குழுவில் சேர்ந்தார். அந்தக் கரகரத்த குரலே 1979 முதல் 2005 வரை 26 ஆண்டுகள் டோரேமான் என்ற நீலநிற எந்திரப் பூனையின் குரலாக இருந்தது. அவர் 2024இல் மறைந்தபோது, நடுவயதை எட்டிவிட்ட இரண்டு தலைமுறையினர் தங்கள் குழந்தைப்பருவத்தின் குரல் அது என்று சொல்லி அழுதார்கள். அழகான குரல்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப் போய்விடுவதும் உண்டு. ஒருமுறை கேட்டால் மறக்காத குரல் இந்தத் தொழிலில் முதலீடு.

ஆனால் குரல் மட்டும் போதும் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். நடிப்புக் கற்றுக்கொள், கல்லூரியில் நாடகக் குழு இருந்தால் இந்த வாரமே சேர்ந்துவிடு. நாள்தோறும் அரைமணி நேரம் உரக்கப் படி. சிறுகதை ஒன்றை எடுத்து, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அதன் வயது, பொறுமை, மூச்சின் நீளம் ஆகியவற்றை முடிவு செய்துகொண்ட பிறகே பேசத் தொடங்கு. கிழவி என்றதும் குரலை நடுங்க வைப்பது கற்றுக்குட்டிகளின் வழக்கம். வயதானவர்கள் ஒரு வாக்கியத்தின் நடுவில் எங்கே மூச்சு வாங்குகிறார்கள் என்று கவனித்துக் கேட்டால், நடுக்கம் தேவைப்படாது. பேசியதைப் பதிவு செய்து மறுநாள் கேள். அன்றே கேட்டால் உன் குரல் மீதுள்ள கூச்சம்தான் காதில் விழும். பிறரைப் போலவே பேசிக் காட்டும் மிமிக்ரி திறமை இருந்தால் நல்லது, ஆனால் அதிலேயே நின்றுவிடாதே. ஏற்கெனவே இருக்கிற குரலைத் தேடி யாரும் தேர்வு நடத்துவதில்லை.

தொடக்கத்தில் கிடைப்பவை கூட்டத்தில் ஒருவராகக் கத்துவதும், ஓரிரு சொல் பேசும் பாத்திரங்களுமாகவே இருக்கும். பல தேர்வுகளுக்குப் போய் ஒன்றில் தேறுவதே இயல்பு. ஆகவே பட்டப்படிப்பை விடாதே. இன்னொன்று, கரகரப்பு அண்மையில் வந்ததா, பிறவியிலேயே உள்ளதா என்பதை ஒருமுறை காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டித் தெரிந்துகொள்.

செயற்கை நுண்ணறிவு ஒருவர் குரலை அப்படியே பேசிக் காட்டுகிறதே. இனி இந்தத் தொழிலுக்கு ஆள் வேண்டுமா?
— மென்பொருள் துறை வாசகர்

அச்சம் நியாயமானது, கலைஞர்களே அதை உணர்ந்துதான் போராடுகிறார்கள். அமெரிக்க நடிகர் சங்கம் 2024 ஜூலையில் வீடியோ கேம் நிறுவனங்களுக்கு எதிராகத் தொடங்கி, அடுத்த ஆண்டு வரை நீட்டித்த வேலைநிறுத்தத்தில், ஒருவருடைய குரலை எந்திரத்தில் பிரதி எடுக்க அவருடைய ஒப்புதலும் அதற்குரிய ஊதியமும் வேண்டும் என்பதே முதன்மையான கோரிக்கை. ஒப்பந்தத்தில் ‘எதிர்காலத்தில் வரக்கூடிய எல்லாத் தொழில்நுட்பங்களுக்கும்’ என்பது போன்ற வரி இருந்தால், அதன் பொருளை எழுத்தில் விளக்கும்படி கேட்காமல் எந்தப் புதியவரும் கையெழுத்திட வேண்டாம். எந்திரம் ஒரு குரலின் நிறத்தைப் பிடித்துவிடுகிறது. ஆனால் படத்துக்கு முன்பே பதிவாகும் அனிமேஷனில், வசனத்தில் இல்லாத ஒரு சிரிப்பை நடிகை எதிர்பாராமல் சேர்த்துவிட, அதைக் கேட்ட ஓவியர் காட்சியையே மாற்றி வரைவது உண்டு. யாரும் கேட்காததைத் தருவது மனிதரால்தான் ஆகிறது.

தொண்டையைப் பாதுகாக்க இவர்கள் என்ன செய்கிறார்கள்?
— இசை ஆசிரியை ஒருவர்

தாங்கள் மாணவர்களுக்குச் சொல்வதையேதான்: நாள் முழுவதும் சிறிது சிறிதாகத் தண்ணீர், நல்ல உறக்கம், பேசுவதற்கு முன் மெல்லிய முனகலில் தொடங்கும் குரல் பயிற்சி. பாடகர்களுக்கு இல்லாத ஒரு சோதனை இவர்களுக்கு உண்டு. விழுவது, அடிபடுவது, மூச்சுத் திணறுவது, அலறுவது ஆகிய ஒலிகளையும் தர வேண்டும். ஆகவே அனுபவமுள்ள இயக்குநர்கள் வசனங்களையெல்லாம் முதலில் முடித்துக்கொண்டு, அலறல்களைக் கடைசியாக வைத்துக்கொள்வார்கள். குரல் கம்மினால் கிசுகிசுத்துப் பேசிச் சமாளிக்கலாம் என்பது தவறான எண்ணம், அதுவும் தொண்டையை வருத்தலாம். முழு மௌனமே மேல். கம்மல் இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால், குரல்நாண்களில் முடிச்சுகள் உண்டாகியிருக்கின்றனவா என்று மருத்துவரிடம் பார்த்துக்கொள்ள வேண்டும்.