மெதுவாக வாசித்தல்: தியான வாசிப்பு குறித்துச் சில கேள்விகளும் பதில்களும்

துறவற மடங்களில் லெக்சியோ திவினா என்னும் இலத்தீன் பெயரால் அறியப்பட்ட தியான வாசிப்பைச் சிறு குழு ஒன்றோடு சேர்ந்து பல ஆண்டுகளாகக் கடைப்பிடித்து வருகிறேன். எங்கள் வட்டத்தில் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் எந்தச் சபையையும் சாராதவர்களும் அமர்கிறார்கள். ஒருவர் விவிலியம் என்பதை மற்றவர் வேதாகமம் என்பார், இருவருக்கும் பொருள் விளங்கிவிடும். வந்த கேள்விகளில் இந்தப் பழக்கத்தைச் சார்ந்தவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். நோய், வழக்கு, திருமணப் பொருத்தம் ஆகியவை பற்றிக் கேட்டவர்கள் அவற்றை அறிந்தவர்களிடம் செல்வதே நல்லது.

கேள்வி: வேதபாட வகுப்புக்குத் தவறாமல் போகிறேன். தியான வாசிப்பில் புதிதாக என்ன இருக்கிறது?

பதில்: வேதபாடம் முடியும்போது உங்கள் குறிப்பேட்டில் நான்கு பக்கம் நிறைந்திருக்கும், தியான வாசிப்பு முடியும்போது பெரும்பாலும் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சும். 12ஆம் நூற்றாண்டில் கர்த்தூசிய மடத்தின் தலைவராயிருந்த இரண்டாம் கீகோ, தம் நண்பர் கெர்வாசுக்கு எழுதிய மடலில், வாசிப்பு, தியானம், மன்றாட்டு, ஆண்டவரில் திளைத்திருத்தல் என்ற நான்கு படிகள் கொண்ட ஏணியாக இதை வரைந்து காட்டினார். வாசிப்பு உணவை வாயில் இடுகிறது, தியானம் அதை மெல்லுகிறது, மன்றாட்டு சுவையைப் பிழிந்தெடுக்கிறது, நான்காவது படி அந்த இனிமையேதான் என்பது அவர் சொன்ன உவமை. மாடு அசைபோடுவதோடு துறவிகள் இதை ஒப்பிட்டதும் அதனால்தான். திருப்பாடல் 1:2-இல் 'தியானமாயிருக்கிற' என்று நாம் வாசிக்கும் இடத்தில் எபிரேயத்தில் 'ஹாகா' என்ற சொல் நிற்கிறது. அது வாய்க்குள் முணுமுணுப்பதைக் குறிப்பது. எசாயா 31:4-இல் இரைமீது நின்று உறுமும் சிங்கத்துக்கும், 38:14-இல் புலம்பும் புறாவுக்கும் அதே சொல்தான் வருகிறது. ஆகவே தியானம் என்றதும் கண்ணை மூடி அசையாமல் அமர்ந்திருப்பவரை நினைக்காமல், ஒரே அடியைத் திரும்பத் திரும்ப வாய்க்குள் சொல்லிக்கொண்டிருப்பவரை நினைத்துப் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. தியானத்துக்கு எடுக்கும் பகுதி ஆறேழு வசனமாக இருக்கட்டும். ஆனால் அது இடம்பெறும் அதிகாரம் முழுவதையும் முந்தின நாளே வாசித்துவிடுங்கள். இதை இன்னும் சில இடங்களில் சொல்லப்போகிறேன்.

கேள்வி: உரக்க வாசிக்க வேண்டுமா, மனத்துக்குள் வாசித்தால் போதுமா?

பதில்: உரக்க வாசியுங்கள். திருத்தூதர் பணிகள் 8ஆம் அதிகாரத்தில் தேரில் போன எத்தியோப்பிய அதிகாரி எசாயாவின் நூலை வாசிப்பதைப் பிலிப்பு காதால் கேட்டார். அந்த மனிதர் தனியாக வாசித்தபோதும் குரல் எழுப்பித்தான் வாசித்தார். 4ஆம் நூற்றாண்டு ஆயர் அம்புரோசியார் நாவை அசைக்காமல் கண்களால் மட்டும் வாசித்ததைக் கண்டு, அதற்கு என்ன காரணமாயிருக்கும் என்று, பின்னாளில் தாமும் ஆயரான அகுஸ்தினார் தம் தன்வரலாற்றில் யோசித்துப் பார்க்கிறார். கண் ஓடிவிடும், நாவால் அவ்வளவு வேகமாக ஓட முடியாது.

கேள்வி: ஒரு நாளுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

பதில்: இருபது நிமிடம்.

கேள்வி: மனம் கலங்கியிருக்கும்போது திருமறையைக் கண்மூடித் திறந்து, விரல் விழும் வசனத்தை எனக்கான வாக்காக எடுத்துக்கொள்கிறேன். அண்மையில் எரேமியா 29:11 வந்தது. வேலை மாறலாம் என்று அர்த்தம் கொள்ளலாமா?

பதில்: கொள்ளக் கூடாது. அகுஸ்தினார் அப்படித் திறந்து உரோமையர் 13ஆம் அதிகாரத்தில் தம் வாழ்வின் திருப்பத்தைக் கண்டாரே என்று கேட்பீர்கள். அதே அகுஸ்தினார்தான், உலகக் காரியங்களுக்காக நற்செய்தியின் பக்கங்களில் குறி பார்ப்பது தமக்குப் பிடிக்கவில்லை என்று பின்னாளில் ஒரு கடிதத்தில் எழுதினார். 506ஆம் ஆண்டில் அக்தே நகரில் கூடிய ஆயர் மன்றம் திருமறையை வைத்துக் குறி பார்ப்பதைத் தடை செய்தது. தடை போடும் அளவுக்கு அன்றே அது பரவியிருந்தது என்பதும் இதிலிருந்து தெரிகிறது. சமாதானத்துக்கேதுவான நினைவுகளைப் பற்றிய உங்கள் வசனத்தைப் பாருங்கள். பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதத்தில் அது வருகிறது. அதற்கு முந்தின வசனம் எழுபது ஆண்டுகளைச் சொல்கிறது; இன்னும் முன்னால், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் நடுங்கள், அந்த நகரத்தின் நலனுக்காக மன்றாடுங்கள் என்று வருகிறது. உடனே கிளம்பலாமா என்று கேட்ட உங்களிடம் அந்த அதிகாரம் இருந்த இடத்தில் வேரூன்றுவதைப் பற்றிப் பேசியிருக்கலாம். முழு அதிகாரத்தையும் முதலில் வாசியுங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான்.

கேள்வி: அரை மணி நேரம் அமர்ந்தும் எந்தச் சொல்லும் மனத்தைத் தொடவில்லை. என்ன தவறு செய்கிறேன்?

பதில்: எந்தத் தவறும் இல்லை. எனக்கும் பல வாரங்கள் அப்படிப் போயிருக்கின்றன. தொட்டதுபோல் காட்டிக்கொள்ளாமல், பகுதியில் விளங்காத அல்லது எரிச்சலூட்டும் சொல் எது என்று பாருங்கள். அதைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்திருங்கள். குழுவில் உங்கள் முறை வரும்போது 'இன்று எனக்கு ஒன்றும் இல்லை' என்று சொல்வதும் முழுமையான பகிர்வுதான்.

கேள்வி: எவ்வளவு நேரம் என்று தெளிவாகச் சொல்ல முடியுமா? காலையா, மாலையா?

பதில்: இருபது நிமிடம் என்று மேலே சொல்லிவிட்டேன். எப்போது தூக்கம் வராதோ அப்போது.

கேள்வி (குழு நடத்தும் ஒருவர்): பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைப் பற்றிய யோவான் 9ஆம் அதிகாரத்தின் முதல் ஏழு வசனங்களை வாசித்தோம். பகிர்வின்போது ஒருவர், பிறவிக் குறைகள் பெற்றோரின் பாவத்தால் வருகின்றன என்று தமக்கு உணர்த்தப்பட்டதாகச் சொன்னார். ஊனத்தோடு பிறந்த பிள்ளையின் தாய் ஒருவர் அந்த வட்டத்தில் இருந்தார். பிறர் பகிர்வைத் திருத்தக் கூடாது என்பது எங்கள் விதி என்பதால் நான் பேசாமல் இருந்துவிட்டேன். அந்தத் தாய் அதன்பின் வரவில்லை.

பதில்: இந்தக் கேள்விக்காகவே மற்றவற்றைச் சுருக்கமாக முடித்தேன். திருத்தாமல் கேட்க வேண்டும் என்ற விதி எதற்காக வந்தது என்று முதலில் பார்ப்போம். 6ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் (ஆசீர்வாதப்பர்) துறவு மடங்களுக்காக எழுதிய ஒழுங்கின் 3ஆம் அதிகாரம், முக்கியமான காரியங்களுக்கு மடத்தார் அனைவரையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், ஏனெனில் மேலானதை ஆண்டவர் பலமுறை இளையவருக்கே வெளிப்படுத்துகிறார் என்கிறது. அதிகம் படித்தவரும் உரத்த குரலுடையவரும் பேசிக்கொண்டேயிருக்க மற்றவர்கள் வாயடைத்து அமரும் நிலை வரக்கூடாது என்பதே விதியின் உயிர். எளியவரைக் காக்க வந்த விதி அன்று உங்கள் வட்டத்தில் எளியவரைக் கைவிட்டது. நீங்கள் பிரசங்கம் செய்திருக்க வேண்டியதில்லை. 'மூன்றாம் வசனத்தை இன்னொரு முறை கேட்போம்' என்று சொல்லி வாசித்திருந்தால் போதும். இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்று ஆண்டவரே அந்த இடத்தில் மறுத்திருக்கிறார். அந்தத் தாயிடம் இந்த வாரமே போய், பேசாமல் இருந்தது உங்கள் பிழை என்று சொல்லுங்கள். திரும்பி வரும்படி அவரை வற்புறுத்த வேண்டாம்.

மறுமொழி (ஒரு போதகர்): அப்படியானால் தவறான விளக்கம் எதுவாயினும் உடனே திருத்துவதே முறை. ஆட்டை ஓநாயிடம் விட்டுவிட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்பதால் என்ன பயன்?

மறுமொழி (இன்னொரு வாசகர்): ஐயா, நான் இரண்டு ஆண்டுகள் வாய் திறக்காமல் அமர்ந்திருந்து, யாரும் திருத்தமாட்டார்கள் என்ற உறுதி கிடைத்தபின்தான் பேசத் தொடங்கினேன். நடத்துபவர் கையில் பிரம்பைக் கொடுத்துவிட்டால் எங்களைப் போன்றவர்கள் மறுபடியும் பின்வரிசைக்குப் போய்விடுவோம்.

பதில்: இருவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன், என் பிழையோடு தொடங்குகிறேன். லூக்கா 15-இல் வீட்டை விட்டுப்போய்த் திரும்பிவரும் மகனின் உவமையை வாசித்த ஒரு மாலையில் முதியவர் ஒருவர், தகப்பன் நாள்தோறும் வாசலில் நின்று வழி பார்த்துக்கொண்டிருந்தார் என்று கண்கலங்கச் சொன்னார். மகன் தூரத்தில் வரும்போதே தகப்பன் கண்டார் என்று மட்டும்தான் பகுதியில் இருக்கிறது, நாள்தோறும் நின்றதாக இல்லை என்று நான் திருத்தினேன். நான் சொன்னது சரிதான். ஆனால் வெகுகாலம் வழிபார்த்து நின்ற தகப்பன் அந்த முதியவரே என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அவர் பல வாரங்கள் வாய் திறக்கவில்லை. ஆகவே, போதகர் அவர்களே, பகுதியைப் பற்றிய பிழையைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்கிறேன். பக்கத்தில் இருப்பவர்மேல் விழும் பிழையை அந்த நொடியே தடுக்கிறேன். இரண்டாமவருக்கு: தடுப்பதைப் பகுதியை மீண்டும் வாசிப்பதால் மட்டுமே செய்கிறோம், நடத்துபவரின் கருத்தால் அல்ல. அத்தோடு, பகிர்பவர் 'எனக்கு' என்று தொடங்க வேண்டும், 'உங்களுக்கு' என்றோ 'எல்லாருக்கும்' என்றோ தொடங்கக் கூடாது என்பதையும் ஒவ்வொரு கூடுகையிலும் வாசிப்புக்கு முன் நினைவூட்டுகிறோம்.

மறுமொழி (அதே போதகர்): 'எனக்கு', 'எனக்கு' என்று ஆளுக்கொரு பொருள் சொன்னால் திருமறைக்கென்று ஒரு பொருள் இல்லாமல் போய்விடாதா?

பதில்: தியான வாசிப்பு மட்டுமே இருந்தால் போய்விடும், ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் வேதபாடம் வேறொரு நாளில் நடக்கிறது; அதனால்தான் முழு அதிகாரத்தையும் வாசித்துவிட்டு வரச் சொல்கிறேன். பாடத்தில் நீங்கள் திருத்துங்கள், நானும் வந்து அமர்கிறேன். இந்த வாதத்துக்கு இன்னும் பல மறுமொழிகள் வந்திருக்கின்றன. பெரும்பாலானவை இந்த இரண்டு பக்கங்களில் ஒன்றையே மீண்டும் சொல்வதால் அடுத்ததற்குப் போகிறேன்.

கேள்வி: வாசிக்கும்போதே தூங்கிவிடுகிறேன். வெட்கமாக இருக்கிறது.

பதில்: 4ஆம் நூற்றாண்டுப் பாலைவனத் துறவி எவாக்ரியு, சோர்வுற்ற துறவி வாசிக்கும்போது கொட்டாவி விடுவதையும், கண்ணைக் கசக்குவதையும், மீதிப் பக்கங்களை எண்ணுவதையும், கடைசியில் நூலை மூடித் தலைக்கு வைத்துத் தூங்குவதையும் வரிவரியாக எழுதியிருக்கிறார். பெனடிக்டின் ஒழுங்கோ, வாசிப்பு வேளையில் யாராவது சோம்பியிருக்கிறார்களா என்று மூத்தவர்கள் சுற்றிப் பார்க்க வேண்டும் என்கிறது. உங்களுக்குக் கூட்டாளிகள் பலர். நின்றுகொண்டு வாசியுங்கள்.

கேள்வி: மௌனமாக அமர்ந்து மனத்தை வெறுமையாக்குவது நம் விசுவாசத்துக்கு ஒவ்வாதது என்று எங்கள் சபையில் சொல்கிறார்கள்.

பதில்: இங்கே மனத்தை வெறுமையாக்கச் சொல்வதே இல்லை, ஒரு சொல்லால் நிரப்பத்தான் சொல்கிறோம். சீர்திருத்தச் சபையினர் தயங்கினால் லூத்தரைக் காட்டுவேன். 1535இல் தம் முடிதிருத்துநர் பேதுருவுக்காக எழுதிய சிறுநூலில், ஆண்டவர் கற்பித்த மன்றாட்டைச் சொல்லும்போது நல்ல எண்ணங்கள் பெருகி வந்தால் மற்ற விண்ணப்பங்களை விட்டுவிட்டு மௌனமாகக் கேள் என்று அவர் அறிவுரை சொல்கிறார்.

கேள்வி: எழுதப் படிக்கத் தெரியாதவரையும் திருமுழுக்குப் பெறாதவரையும் வட்டத்தில் சேர்க்கலாமா?

பதில்: சேர்க்கலாமா என்று கேட்பதே எனக்கு வியப்பாக இருக்கிறது. நூல்கள் கையால் எழுதப்பட்ட காலம் முழுவதும் விசுவாசிகளில் பெரும்பாலோர் திருமறையைக் காதால்தான் பெற்றார்கள். விசுவாசம் கேள்வியினால் வரும் என்று பவுல் எழுதினார். 'கற்றிலனாயினும் கேட்க' என்பது நம் குறள். எங்கள் வட்டத்தில் ஒரே ஒருவர் வாசிக்க, மற்ற அனைவரும் நூலை மூடிவைத்துக் கேட்கிறோம். யாருக்குப் படிக்கத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பது அங்கே வெளிப்படுவதில்லை. விருந்தினரைப் பற்றி, வருகிறவர் அனைவரையும் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்றும், விருந்தினர் முன் இறைச்சட்டத்தை வாசிக்க வேண்டும் என்றும் பெனடிக்டின் 53ஆம் அதிகாரம் சொல்கிறது. புதிதாக வருபவரிடம் சபையையோ சாட்சியையோ கேட்காதீர்கள். பெயரைக் கேட்டு இருக்கையைக் காட்டுங்கள். பேசாமல் கடந்துபோகும் உரிமை எல்லாருக்கும் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எதுவும் தோன்றவில்லை என்றால் என்ன செய்வது? எவ்வளவு நேரம் காத்திருப்பது?

பதில்: இரண்டுக்கும் மேலே பதில் இருக்கிறது. மெதுவாக வாசிப்பது பற்றிய பக்கத்தையாவது மெதுவாக வாசியுங்கள்.

கேள்வி: அடுத்த வாரம் ஐந்து பேரோடு புதிதாகத் தொடங்குகிறோம். எந்தப் பகுதியை எடுக்கலாம்?

பதில்: மாற்கு 10:46 முதல் 52 வரை. பார்வையற்ற பர்த்திமேயு வழியோரம் அமர்ந்து கூப்பிடும் ஏழு வசனங்கள். 10ஆம் அதிகாரம் முழுவதையும் ஐவரும் முந்தின நாளே வாசித்துவிட்டு வரட்டும். 36ஆம் வசனத்தில் சீடர்களான யாக்கோபிடமும் யோவானிடமும் கேட்ட கேள்வியையே 51ஆம் வசனத்தில் பார்வையற்றவரிடமும் ஆண்டவர் கேட்கிறார் என்பது அப்போதுதான் தெரியும். முதல் வாசிப்பை ஒருவரும், இரண்டாவதை வேறு மொழிபெயர்ப்பிலிருந்து இன்னொருவரும் வாசிக்கட்டும். இரண்டுக்கும் நடுவே மூன்று நிமிட மௌனம் போதும். புதியவர்களுக்கு அதுவே நீளமாகத் தெரியும். 'நான் உனக்கு என்ன செய்யவேண்டும்' என்ற இடத்தில் வாசிப்பவர் சற்று நிறுத்தினால் நல்லது. கைப்பேசிகளை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள், உங்களுடையதையும் சேர்த்து.