ஈரல் மஞ்சளா? டானிக்கை விடுங்கள், மரத்தூளைப் பாருங்கள்

கேள்வி: 600 நாட்டுக்கோழிக் குஞ்சுகள், வயது 18 நாள். தினம் நாலைந்து சாகின்றன. வயிற்றில் நீர், ஈரல் மஞ்சளாகி, தொட்டாலே நசுங்குகிறது. குடிநீரில் போடும் பிளீச்சிங் பவுடர்தான் காரணம் என்கிறார்கள். கடைக்காரர் லிவர் டானிக் தந்தார். எத்தனை மில்லி கொடுக்கலாம்? தரையில் மரக்கடைத் தூள்தான் பரப்பியிருக்கிறேன்.
– வாசகர், பரமத்தி

பதில்: பிளீச்சிங் பவுடர்மேல் பழி போடாதீர்கள். 1,000 லிட்டருக்கு 10 கிராம் போட்டால் குளோரின் 3 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 3 பங்கு) அளவில்தான் நிற்கும், அது ஈரலைத் தொடாது. தடுப்பூசி மருந்தைத் தண்ணீரில் கொடுக்கும்போது மட்டும் முன்னும் பின்னும் ஒரு நாள் நிறுத்துங்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது தூளைப் பற்றி. முதல் வாரத்தில் ஈரல் மஞ்சளாக இருப்பது இயல்பு. மஞ்சள்கருவின் கொழுப்பு அங்கே வந்து சேர்கிறது. இரண்டாம் வாரத்தில் அது செம்பழுப்பாக மாறிவிட வேண்டும். கோழிக்குக் கொழுப்பு பெரும்பாலும் ஈரலில்தான் உருவாகிறது. அதை எரிப்பதையும் புரதத்தோடு கட்டி ரத்தத்துக்கு அனுப்புவதையும் டையாக்ஸின் போன்ற, குளோரின் சேர்ந்த நச்சுச் சேர்மங்கள் கெடுக்கின்றன. கொழுப்பு ஈரலிலேயே தேங்குகிறது. கரையான் அரிக்காமலிருக்க மரத்துக்கு முன்பு பூசிவந்த பென்டாகுளோரோஃபீனால் என்ற மருந்தில் டையாக்ஸின் கலப்படமாகவே இருக்கும். அப்படிப் பூசிய மரத்தின் தூளைக் குஞ்சு கொத்தித் தின்னும். 1957-ல் அமெரிக்காவில் இதே வகை நஞ்சு தீவனக் கொழுப்பு வழியாகப் புகுந்து, இதயத்தைச் சுற்றியும் வயிற்றிலும் நீர் கோத்து லட்சக்கணக்கான குஞ்சுகள் செத்தன.

மரக்கடையில் "சுத்தமான தூள்" என்பார்கள். எந்த மரம், என்ன பூசியது என்று அவர்களுக்கே தெரியாது. பழைய கதவு, பேக்கிங் பெட்டி, பிளைவுட் எல்லாம் அதே ரம்பத்தில்தான் அறுபடுகின்றன. நெல் உமியோ நன்கு காய்ந்த தென்னை நார்க்கழிவோ இரண்டு அங்குலம் பரப்புங்கள். இதே நஞ்சு வேறு வழியிலும் வரும்: குஞ்சுகளுக்குச் சூடு தரும் புரூடர் அடுப்பில் பி.வி.சி. குழாய், ஒயர் எரிக்கவே கூடாது. விலை மலிவு என்று கழிவு எண்ணெயைத் தீவனத்தில் கலக்கவும் வேண்டாம்.

டானிக்? கொழுப்பில் ஒளிந்த டையாக்ஸினை எந்தப் பாட்டிலும் வெளியேற்றாது. அதை விற்றால் கடைக்காரருக்கு லாபம், அவ்வளவுதான்.

ஆனால் இதே அறிகுறிகளை, தீவனத்தில் வளரும் பூஞ்சையின் நஞ்சான அஃப்ளாடாக்சினும் காட்டும். நம் ஊரில் அதற்கே வாய்ப்பு அதிகம். இன்றே தூளையும் தீவனத்தையும் மாற்றுங்கள். அரை கிலோ தீவனத்தையும், செத்த குஞ்சை ஐஸிலும் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துப் போங்கள். ஈரலில் ஒரு சென்டிமீட்டருக்கு மிகாத துண்டு, அழுகாமலிருக்க 10% ஃபார்மலின் கரைசலில். இன்னொன்று அலுமினியத் தாளில் சுற்றி உறைய வைத்து. முடிவு வரும்வரை பிழைத்த குஞ்சுகளை யாருக்கும் விற்காதீர்கள்.