அப்பாவின் 2015 லேப்டாப்பில் விண்டோஸ் 11 நிறுவலாமா?

நீங்கள் பெங்களூரில் வேலையில் இருக்கிறீர்கள். சென்னையில் அப்பா பயன்படுத்தும் ஐந்தாம் தலைமுறை ஐ5 லேப்டாப், விண்டோஸ் 11க்குத் தகுதியில்லை என்று சொல்லிவிட்டது. அடுத்த முறை ஊருக்கு வரும்போது எப்படியாவது நிறுவிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுவலாம், ஒரு மாலைப் பொழுது போதும். ஆனால் நிறுவிய பிறகு அதை யார் பார்த்துக்கொள்வது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். நான் இதை இரண்டு லேப்டாப்புகளில் செய்திருக்கிறேன். ஒன்று பெரம்பூரில் என் மேசையிலேயே இருக்கிறது. மற்றது குரோம்பேட்டையில் என் சித்தப்பாவிடம் இருக்கிறது. என்னுடையதில் எந்தச் சிக்கலும் வரவில்லை, ஏனென்றால் நான் தினமும் அதைப் பார்க்கிறேன்.

விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 (ரகசியக் குறியீடுகளைக் காக்கும் பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டுமே கணினியைத் தொடங்க விடும் அமைப்பு), பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் செயலி. எட்டாம் தலைமுறை லேப்டாப் வைத்திருந்தும் தகுதியில்லை என்று வந்தால், பயாஸில், அதாவது கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரையில், டிபிஎம் அணைக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உங்கள் அப்பாவினுடையது ஐந்தாம் தலைமுறை என்பதால், இந்தச் சோதனைகளைத் தாண்டித்தான் நிறுவ வேண்டும். ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளில் பென் டிரைவைத் தயாரிக்கும்போதே, டிபிஎம், செக்யூர் பூட் சோதனைகளை நீக்கவா என்று கேட்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் மற்ற வேலை வழக்கம்போலத்தான். விண்டோஸ் 10 முறையாகச் செயல்படுத்தப்பட்டிருந்தால் அதே உரிமம் 11க்கும் செல்லும். கோர் 2 டுவோ காலத்து லேப்டாப்பாக இருந்தால் இந்த வழியும் உதவாது, ஏனென்றால் 24எச்2 (2024இன் இரண்டாம் பாதியில் வந்த விண்டோஸ் 11) பதிப்பிலிருந்து விண்டோஸ் எதிர்பார்க்கும் சில கட்டளைகள் அந்தச் செயலியிலேயே கிடையாது. ஹார்டு டிஸ்க்கை மாற்றாமல் நிறுவவும் வேண்டாம். நான் ரிச்சி ஸ்ட்ரீட்டில் அதைவிட வேகமான எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி மாட்டிய பிறகுதான் சித்தப்பாவின் லேப்டாப் பயன்படுத்தும்படி ஆனது.

2023 பொங்கல் விடுமுறையில் சித்தப்பாவின் லேப்டாப்பில் விண்டோஸ் 11இன் 22எச்2 பதிப்பை நிறுவிக் கொடுத்தேன். கடைக் கணக்கை டேலியில் எழுதுவதற்கும் வங்கிப் பரிமாற்றத்துக்கும் அவருக்கு அது வேண்டும். மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாகவே வந்தன. நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன். 2025 தீபாவளிக்குப் போனபோது எதற்கோ லேப்டாப்பைத் திறந்தவன், பதிப்பு எண்ணைப் பார்த்தேன். அதே 22எச்2. ஹோம், ப்ரோ வகைகளுக்கு ஒவ்வொரு பதிப்புக்கும் இரண்டு ஆண்டுகள்தான் திருத்தங்கள் வரும். 22எச்2க்கு அது 2024 அக்டோபர் 8 அன்றோடு முடிந்துவிட்டது. தகுதியுள்ள கணினிக்கு அடுத்த பதிப்பு தானாக வந்து சேரும், தகுதியில்லாத கணினிக்கு வராது. இதை நான் அறிந்தேதான் இருந்தேன், ஆனால் சித்தப்பாவிடம் சொல்லவில்லை. வைரஸ் தடுப்புக்கான வரையறைகள் மட்டும் அன்றாடம் வந்துகொண்டிருந்ததால், "அப்டேட் எல்லாம் வருதேப்பா" என்று அவர் நம்பிக்கையோடு சொன்னார். ஓராண்டுக்கும் மேலாக எந்தப் பாதுகாப்புத் திருத்தமும் இல்லாத கணினியில் அவர் வங்கிக் கணக்கைத் திறந்து மூடியிருக்கிறார். அதை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

அன்றே 24எச்2க்கு மேம்படுத்த உட்கார்ந்தேன். விண்டோஸ் 11 நிறுவலுக்கான ஐஎஸ்ஓ கோப்பைத் திறந்து, கட்டளைச் சாளரத்தில் செட்டப் என்று தட்டி, இடைவெளி விட்டு, ஸ்லாஷ் ப்ராடக்ட், மீண்டும் இடைவெளி விட்டு, சர்வர் என்று சேர்த்தால், வன்பொருள் சோதனை இல்லாமல் நிறுவல் தொடங்குகிறது. திரையில் விண்டோஸ் சர்வர் என்று காட்டும். பயப்பட வேண்டாம், நிறுவப்படுவது விண்டோஸ் 11தான். கோப்புகளையும் மென்பொருள்களையும் அப்படியே வைத்திருக்கும் தேர்வு அங்கே இருக்கிறதா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். பாதி வேலை நடந்துகொண்டிருக்கும்போது வெளியே மழை பிடித்து, கரண்ட் போய்விட்டது. அந்த லேப்டாப்பின் பேட்டரி எப்போதோ செத்துவிட்டதால் திரை உடனே கருத்தது. கரண்ட் வந்ததும் அது தானாகப் பழைய பதிப்புக்கே திரும்பிக்கொண்டது. டேலி தரவு எதுவும் போகவில்லை, அதற்கு முன்பே பென் டிரைவில் ஒரு நகல் எடுத்தும் வைத்திருந்தேன். இரண்டாவது முறை இன்வெர்ட்டர் இணைப்புள்ள பிளக்கில் செருகித் தொடங்கினேன். பழைய லேப்டாப்பில் இந்த வேலையில் இறங்கும் எவரும் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரியைத்தான் என்று அன்றிலிருந்து சொல்லி வருகிறேன்.

24எச்2க்கும் 2026 அக்டோபர் 13 வரைதான் திருத்தங்கள் வரும். அதற்குள் நான் மறுபடியும் குரோம்பேட்டைக்குப் போயாக வேண்டும். எனக்கு அது மின்சார ரயிலில் போய்வரும் தூரம். உங்களுக்கு அப்படியில்லை. திடீரென்று வைஃபை டிரைவர் வேலை செய்யாமல் போனாலும், தொலைபேசியில் உங்கள் அப்பாவுக்கு வழிசொல்லிச் சரிசெய்வது எளிதல்ல. மேலும், தகுதியில்லாத கணினிகளுக்கு மாதாந்திரத் திருத்தங்கள் வரும் என்று மைக்ரோசாஃப்ட் எந்த உத்தரவாதமும் தருவதில்லை. இதுவரை வருகின்றன, அவ்வளவே.

அதனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால், இப்போதைக்கு விண்டோஸ் 10ஐயே வைத்துக்கொள்வேன். அதற்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டாலும், நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் கிடைக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை அதனோடு ஒத்திசைத்தால் அதற்குக் கட்டணமும் இல்லை. விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேர்வதற்கான இணைப்பு இருக்கும். அப்பா பிரவுசரும் மின்னஞ்சலும் மட்டுமே பயன்படுத்துபவர் என்றால், அந்த அவகாசத்தில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் பென் டிரைவிலிருந்தே இயக்கி, அவர் கைக்குப் பழகுகிறதா என்று பாருங்கள். டேலிபோல விண்டோஸில் மட்டுமே ஓடும் ஏதாவது அவருக்குத் தேவையென்றால், விண்டோஸ் 11ஐ நிறுவுங்கள். அப்படி நிறுவினால், அந்தப் பதிப்பின் காலம் முடியும் தேதியை அன்றே உங்கள் கைபேசி நாட்காட்டியில் குறித்துவிட்டு, அதற்கு ஒரு மாதம் முன்பாகச் சென்னைக்கு டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள்.