பாயை விரித்துவிட்டு நீங்களும் பக்கத்தில் படுங்கள்

கேள்வி: என் மகளுக்கு நாலு மாதம். பகலில் கொஞ்ச நேரம் குப்புறப் போட்டு விளையாட விடச் சொன்னார் எங்கள் மிட்வைஃப் மிஸ். போட்டால் ஒரு நிமிடத்தில் வீரிட்டு அழுகிறாள், உடனே மாமி ஓடிவந்து "பிள்ளைக்கு நெஞ்சு நோகும், மூச்சு முட்டும்" என்று தூக்கிவிடுகிறார். நாங்கள் இருப்பது மூன்றாம் மாடி பிளாட், முற்றம் என்று ஒன்றில்லை. புறக்கோட்டையில் மேலே பொம்மைகள் தொங்குகிற விளையாட்டு மெத்தை ஒன்று பார்த்தேன், விலையைக் கேட்டதும் தலை சுற்றியது. அது கட்டாயம் வேண்டுமா?
(வெள்ளவத்தை வாசகி)

பதில்: வேண்டாம் தங்கச்சி. நல்ல பாய் ஒன்று, அதன் மேல் ஒரு பருத்தி விரிப்பு, இவ்வளவுதான் இப்போதைக்குத் தேவை. கட்டிலில் மட்டும் விடாதீர்கள், மெத்தை அமுங்கும், திடீரென்று ஒருநாள் பிரண்டு கீழே விழுந்துவிடுவாள்.

அவள் ஏன் அழுகிறாள் என்று தெரிய வேண்டுமென்றால் ஒரு தடவை அவள் கிடக்கிற இடத்தில் நீங்கள் கிடந்து பாருங்கள். விரிப்பைத் தவிர எதுவும் தெரியாது, கஷ்டப்பட்டுத் தலையைத் தூக்கினால் நாலு பேருடைய கால் தெரியும், குரல் மட்டும் எங்கோ மேலேயிருந்து வரும். அதனால் நீங்களும் எதிரே குப்புறப் படுங்கள், முகத்துக்கு முகம் பக்கமாக. ஒரு துவாயைச் சுருட்டி அவள் நெஞ்சுக்கடியில் வைத்து, கைகள் இரண்டையும் துவாய்க்கு முன்னால் எடுத்துவிட்டால் தலையை நிமிர்த்துவது லேசாகிவிடும். ஒரு நிமிடத்தில் அழுதால் அந்த நேரத்துக்கு ஒரு நிமிடம் போதும், தூக்கிக்கொள்ளுங்கள், அடுத்த தடவை பம்பஸ் மாற்றும்போது இன்னொரு நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலில், இன்னும் தவழத் தொடங்காத பிள்ளைக்கு ஒரு நாளில் மொத்தம் 30 நிமிடமாவது குப்புறக் கிடக்கிற நேரம் வேண்டும் என்று இருக்கிறது, ஆனால் அது ஒரே மூச்சில் அல்ல, துண்டு துண்டாக. நீங்கள் சாய்ந்து படுத்து அவளை உங்கள் நெஞ்சில் போட்டுக் கதைப்பதும் இதில் சேர்த்தி, மடியில் குறுக்கே போடுவதும் சேர்த்தி. பால் குடித்த கையோடு மட்டும் வேண்டாம், கக்கிவிடுவாள்.

மாமியின் பயத்தில் பாதி சரி. தூங்கும்போது பிள்ளை மல்லாந்துதான் படுக்க வேண்டும், அதில் மாற்றமே இல்லை. குப்புறக் கிடப்பதெல்லாம் விழித்திருக்கும்போது, பக்கத்தில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது. இதை வெளிநாட்டுப் புதினம் என்று மாமி நினைத்தால் பிள்ளைத்தமிழை ஞாபகப்படுத்துங்கள். ஒரு காலை மடக்கி, மற்றதை நீட்டி, இரண்டு கையையும் தரையில் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுகிற ஐந்தாம் மாதத்தைத்தானே புலவர்கள் செங்கீரைப் பருவம் என்று பாடிவைத்தார்கள்? தரையில் விடாத பிள்ளை எங்கே செங்கீரை ஆடுவது!

கேள்வி: மகனுக்கு எட்டு மாதம். நான் கடை பூட்டி வீட்டுக்கு வர இரவு ஏழரை ஆகிவிடும், அவன் தூங்க ஒரு மணித்தியாலம்தான் இருக்கும். கரண்டியைக் கையில் கொடுத்தால் கீழே போடுகிறான், எடுத்துக் கொடுத்தால் திரும்பவும் போடுகிறான், மனைவி இது கெட்ட பழக்கம் என்கிறார். அந்த நேரத்தில் போனில் ஏதாவது குழந்தைப் பாட்டுப் போட்டுக் காட்டலாமா?
(கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: போன் வேண்டாம் தம்பி, ஒரு வயது வரைக்கும் திரையே வேண்டாம் என்பதுதான் நான் மேலே சொன்ன அதே வழிகாட்டலில் இருப்பது. உங்களுக்கு இருப்பது ஒரு மணித்தியாலம், அதையும் போனுக்குக் கொடுப்பானேன்?

கரண்டியைப் போடுவது கெட்ட பழக்கமில்லை, பரிசோதனை. விட்டால் விழும், விழுந்தால் சத்தம் வரும், சத்தம் வந்தால் அப்பா குனிவார் என்று மூன்று விஷயத்தை ஒரே நேரத்தில் படிக்கிறான். நீங்கள் அதையே விளையாட்டாக்குங்கள். ஒரு தடவை எவர்சில்வர் கோப்பைக்குள் போட விடுங்கள், ஒரு தடவை மடித்த சாரத்தின் மேல், இரண்டு சத்தத்துக்கும் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். அப்புறம் கரண்டியை அவன் கண்முன்னாலேயே துவாய்க்கடியில் ஒளியுங்கள். சின்னப் பிள்ளைக்குக் கண்ணுக்குத் தெரியாதது இல்லாததற்குச் சமம், கிட்டத்தட்ட இந்த வயதில்தான் மறைந்தாலும் பொருள் அங்கேயே இருக்கிறது என்பது பிடிபடும். துவாயை இழுத்துக் கரண்டியைக் கண்டுபிடித்துவிட்டு அவன் உங்களைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, கடைக் களைப்பெல்லாம் போய்விடும்.

இன்னொன்று, கதைக்கும்போது இடைவெளி விடுங்கள். அவன் "பப்பா" என்றால் நீங்களும் "பப்பா" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தபடி காத்திருங்கள், பதில் வர ஐந்து பத்து விநாடி எடுக்கும். நாங்கள் பெரிய ஆட்கள் அதற்குள் அடுத்த நாலு கேள்வியைக் கேட்டுவிடுகிறோம், பாவம் பிள்ளைக்கு முறையே வருவதில்லை.

கேள்வி: வீட்டில் தமிழ், பிள்ளையைப் பார்க்கிற அக்கா சிங்களம். ஆறு மாத மகள் குழம்பிப்போவாளா?
(வத்தளை வாசகி)

பதில்: குழம்ப மாட்டாள். அவர் தன் மொழியிலேயே கதைக்கட்டும், பாடட்டும். நீங்கள் பால்கனியில் காகத்தைக் காட்டி "காக்கா" என்றும், அவர் அதே காகத்தைக் காட்டித் தன் மொழியிலும் சொன்னால் அவளுக்கு லாபம்தான்.

கேள்வி: மகள் வேலைக்குப் போவதால் பத்து மாதப் பேரனை நான்தான் பார்க்கிறேன். வோக்கர் வாங்கிவிட்டால் எனக்குக் கை ஓய்வாக இருக்கும் என்கிறார்கள். வாங்கலாமா?
(தெஹிவளை அம்மம்மா)

பதில்: வாங்க வேண்டாம் அம்மா. அதில் ஓடுகிற பிள்ளை கண் மூடித் திறப்பதற்குள் படிக்கட்டுக்கோ அடுப்புக்கோ போய்விடும், கனடாவில் 2004இல் விற்பனையையே தடை செய்துவிட்டார்கள். அதில் விட்டால் சீக்கிரம் நடக்கும் என்பதும் உண்மையில்லை. பிடித்துக்கொண்டு நிற்க ஆடாத ஒரு முக்காலி போதும்.

கை ஓய்வுக்கு நான் சொல்வது குசினி அலுமாரியின் கீழ்த்தட்டு. கத்தி, கண்ணாடி, கிளீனர் போத்தல் எல்லாவற்றையும் மேலே ஏற்றிவிட்டு, அந்தத் தட்டை அவனுக்கென்று விடுங்கள். இடியப்பத் தட்டு, நீத்துப்பெட்டி, மூடியோடு ஒரு டப்பா, கழுவின யோகட் கப் நாலைந்து. நீத்துப்பெட்டியின் ஓலைப் பின்னலை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் இருப்பான், நீங்கள் அடுப்பிலிருந்து எட்ட, அவன் தெரிகிற இடத்தில் இருந்து மரக்கறி வெட்டலாம். டொய்லட் ரோல் குழாய்க்குள் நுழைகிற எந்தச் சாமானும் அவன் கைக்கு வரக்கூடாது, கட்டில் கீழே உருண்டுபோன றம்புட்டான் கொட்டை, ரிமோட்டில் இருக்கிற பொத்தான் பட்டரி, கையில் கட்டின கறுப்பு மணி உட்பட. பட்டரியை விழுங்கினான் என்று சந்தேகம் வந்தாலே போதும், 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள், அல்லது உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள்.

பத்து மாதம் என்கிறீர்கள், அதனால் இதையும் கவனியுங்கள்: பிடிக்காமல் உட்காருகிறானா, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா, முன்பு செய்துகொண்டிருந்த எதையாவது விட்டுவிட்டானா. சந்தேகம் இருந்தால் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு, அடுத்த தடுப்பூசி நாளுக்குக் காத்திராமல் இந்தக் கிழமையே கிளினிக்குக்குப் போங்கள்.