ஐந்தரைக் கட்டையிலிருந்து கொஞ்சம் இறங்குங்கள்

கேள்வி: எனக்கு வயது 46. மூன்று வருடத்துக்கு முன் எங்கள் தெருவில் ஒருவர் நடத்திய சீட்டில், நான் சொல்லித்தான் பணம் கட்டினோம். 2 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் போய்விட்டது. கணவர் அன்று திட்டவில்லை. ஆனால் இன்றைக்கும் நான் எதையாவது சொன்னால், "உன் யோசனையா?" என்று சிரிப்பார். அதிலிருந்து எனக்கு எந்த முடிவும் எடுக்க வருவதில்லை. மிக்ஸி வாங்கக்கூட தங்கைக்குப் போன் போட்டுக் கேட்கிறேன். மகள் கோவைக்குப் படிக்கப் போய்விட்டாள், சாயங்காலமானால் வீடு வெறிச்சென்று இருக்கிறது. போனில் கர்நாடக சங்கீதம் கேட்கிறேன். கேட்கும்வரை நிம்மதி, நிறுத்தினால் பழைய கதை. சின்ன வயதில் வர்ணம் வரை கற்றுக்கொண்டவள் நான். இப்போது பாடிப் பார்த்தால் மேலே போகும்போது குரல் பிசிறடிக்கிறது. மறுபடி தொடங்கலாமா? நேரில் வகுப்புக்குப் போவதா, ஆன்லைனில் கற்பதா? எந்த ராகம் கேட்டால் மனம் அமைதியாகும்? என்னை நானே நம்புவது எப்போது?
– பெயர் வேண்டாம், திருச்சி.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

நாலு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அதில் ஒன்றுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. எது என்று கடைசியில் சொல்கிறேன்.

ராகத்தை முதலில் முடித்துவிடலாம். இந்த ராகம் சர்க்கரைக்கு, அந்த ராகம் ரத்த அழுத்தத்துக்கு என்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் சுற்றுகிறது, எனக்கும் மாதம் ஒருமுறை வந்துவிடும். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நீலாம்பரி பாடினால் குழந்தை தூங்கும் என்பார்கள். என் மூத்தவன் நீலாம்பரிக்குக் கண்ணை அகல விழித்துக்கொண்டு கிடப்பான், குக்கர் விசிலுக்குத் தூங்கிவிடுவான். உங்களுக்குப் பிடித்ததைக் கேளுங்கள், அவ்வளவுதான்.

ஆனால் பாட்டு நின்றதும் நிம்மதியும் போய்விடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் விஷயம் இருக்கிறது. நீங்கள் கேட்பது இன்னொருவர் சேர்த்து வைத்த சுருதி. அதில் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறீர்கள். அதுவும் நல்லதுதான், தப்பே இல்லை. ஆனால் அது வாடகை வீடு. பாட்டு முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு வரவேண்டும்.

இனி உங்கள் குரல். பிசிறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தக் கட்டையில் (ஹார்மோனியக் கட்டையை வைத்து எண்ணும் சுருதியின் உயரம்தான் கட்டை) வைத்துக்கொண்டு பாடினீர்கள் என்று எழுதவில்லை. நானே ஊகிக்கிறேன்: பாட்டு டீச்சர் அன்று வைத்த அதே கட்டை. ஐந்தரையா?

ஊகத்துக்குக் காரணம் என் சொந்த அனுபவம்தான். எனக்கு ஐம்பது வயது நடந்தபோது, ஒரு நவராத்திரிக்குப் பக்கத்து வீட்டுக் கொலுவில் பாடச் சொன்னார்கள். பத்து வயதில் பாடிய பாட்டு, அதே ஐந்தரைக் கட்டை. அனுபல்லவியில் மேல் ஷட்ஜத்தை, அதாவது மேல் ‘ஸ’வை, தொடப்போனேன், கிணற்றுக் கயிறு வழுக்கினமாதிரி குரல் கையைவிட்டுப் போய்விட்டது. பாவாடை கட்டிய இரண்டு வாண்டுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. சுண்டலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், இனி பாடுவதே இல்லை என்று முடிவு செய்துவிட்டேன். ஆறு மாதம் கழித்து, எங்கள் உறவில் வீணை வாசிக்கிற ஒரு பெரியம்மா இதைக் கேட்டுவிட்டுக் கேட்டார்: "குரலுக்கு என்ன வந்தது? எதுக்கு ஐந்தரையில போய் உட்கார்ந்திருக்கே? நாலரைக்கு இறங்கேன்."

இறங்கினேன். அதே பாட்டு, அதே மேல் ஷட்ஜம், நின்றது. இத்தனைக்கும் இடையில் நான் சாதகம் எதுவும் செய்யவில்லை.

பெண் குரலும் வயதாக ஆகக் கொஞ்சம் கனத்து இறங்கும். கச்சேரி பாடுகிறவர்களே வயதுக்குத் தகுந்தபடி கட்டையைக் குறைத்துக்கொள்வார்கள். நாம்தான் டீச்சர் அன்றைக்கு வைத்ததைச் சாமி படம் மாதிரி அப்படியே வைத்திருக்கிறோம். அதனால் பாட்டைத் தொடுவதற்கு முன்னால், உங்கள் கட்டை எது என்று கண்டுபிடியுங்கள். போனிலேயே தம்பூரா செயலி இலவசமாகக் கிடைக்கும். ஐந்தில் தொடங்குங்கள். கீழே மந்தர பஞ்சமம் (கீழ் ‘ப’) காற்றாகப் போகாமல் கேட்கவேண்டும். மேலே, மேல் ஷட்ஜத்தைத் தாண்டி ஒரு மத்யமமாவது (‘ம’) கழுத்து நரம்பு புடைக்காமல் தொடவேண்டும். இரண்டும் எங்கே ஒத்துவருகிறதோ அதுதான் உங்கள் கட்டை. அரை அரையாக இறங்கிப் பாருங்கள்: ஐந்து, நாலரை, நாலு, மூன்று. (மூன்றரை எங்கே என்று தேடாதீர்கள். ஹார்மோனியத்தில் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கறுப்புக் கட்டையே கிடையாது.) இதற்கு ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும்.

இந்த ஒரு வாரமும் தங்கைக்குப் போன் போட முடியாது, கவனித்தீர்களா? எந்தக் கட்டையில் உங்கள் தொண்டை சுகமாக இருக்கிறது என்று அவளால் எப்படிச் சொல்ல முடியும்?

கட்டை கிடைத்ததும், தினமும் இருபது நிமிடம் போதும். முதல் ஐந்து நிமிடம் பாடாதீர்கள். தம்பூராவை மட்டும் கேளுங்கள். போனின் சின்ன ஸ்பீக்கரில் கீழ் நாதம் எடுபடாது, இயர்போன் போட்டுக்கொள்ளுங்கள். நாலு தந்தி: பஞ்சமம், நடு ஷட்ஜத்தில் சேர்த்த இரண்டு சாரணி, கடைசியில் மந்தர ஷட்ஜம். அந்த மந்தரத் தந்தி விழுந்ததும் அதன் ரீங்காரத்தைப் பின்னாலேயே துரத்திப் போங்கள். மூன்றாம் நாளோ பத்தாம் நாளோ அதற்குள் ஒரு காந்தாரம், அதாவது ‘க’, கேட்கும். காந்தாரத்துக்கு அங்கே தந்தியே கிடையாது, யாரும் மீட்டவும் இல்லை. ஷட்ஜத் தந்தியின் உள்ளதிர்விலிருந்து தானாக எழுவதால் அதற்கு ஸ்வயம்பு காந்தாரம் என்று பேர். எங்கள் டீச்சர் அதைக் கேட்கவைப்பதற்காகத் தம்பூராவின் ஜீவா நூலை மயிரிழை மயிரிழையாக நகர்த்துவார். தந்திகளைத் தாங்கும் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே கிடக்கும் வெறும் பருத்தி நூல்தான் அது. சரியான இடத்தில் நின்றதும், அதுவரை டொங் டொங்கென்று இருந்த தந்தி தேனீக் கூடு மாதிரி பேச ஆரம்பிக்கும். "கேட்டுதா?" என்பார். எட்டுப் பேரில் ஆறு பேர் கேட்டது என்போம், பாதி பேர் பொய். நானும் இரண்டு வருடம் பொய்தான் சொன்னேன். ஒருநாள் நிஜமாகவே கேட்டபோது யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

அப்புறம் ஷட்ஜத்தை மட்டும் அகாரமாக, ‘ஆ’ என்று, பிடியுங்கள். மூச்சு முடியும்வரை, அவசரமில்லாமல். மூச்சை மெதுவாக நீட்டி வெளியே விடும்போது இதயத் துடிப்பு தணிகிறது, உடம்பின் படபடப்பும் அதோடு இறங்குகிறது. அமைதி என்று நீங்கள் ராகத்தில் தேடுவதில் பாதி இந்த நீண்ட மூச்சில் இருக்கிறது. பிறகு மாயாமாளவகௌளை ராகத்தில், ஆரம்பப் பாடமான சரளி வரிசை, முதல் காலம் (மெதுவான வேகம்) மட்டும். வர்ணம் வரை வந்தவளுக்கு மறுபடி சரளி வரிசையா என்று கோபம் வரும், வரட்டும். அந்த ராகத்தில் வருவதும் அந்தர காந்தாரம்தான், தம்பூராவுக்குள் கேட்ட அதே காந்தாரம். அங்கே போய் நின்றால் சேர்ந்ததா இல்லையா என்று உங்கள் காதுக்கே தெரியும். சேராவிட்டால் ஒரு உராய்வு கேட்கும், சேர்ந்தால் உங்கள் குரலே தம்பூராவுக்குள் காணாமல் போகும்.

வாரத்தில் ஒருநாள் போனில் பதிவு செய்யுங்கள். உடனே கேட்காதீர்கள், அழுகைதான் வரும். மறுநாள் கேளுங்கள். எங்கே இறங்கியது, எங்கே ஏறியது என்று ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள். எழுதிய பிறகு வேண்டுமானால் யாருக்காவது அனுப்பிக் கருத்துக் கேளுங்கள். எழுதுவதற்கு முன்னால் கூடாது. என்னைக் கேட்டால், உங்கள் வைத்தியம் முழுக்க இந்த வரிசையில்தான் இருக்கிறது. உங்களுக்கு முடிவெடுக்கத் தெரியாமல் இல்லை. உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று நீங்கள் கேட்டுக்கொள்வதற்குள் அடுத்தவரைக் கேட்டுவிடுகிறீர்கள்.

சரி, சீட்டுப் பணத்துக்கு வருகிறேன். நீங்கள் அதைப் பற்றி எழுதிய வரியை மறுபடி படியுங்கள். "நான் சொல்லித்தான் பணம் கட்டினோம்" என்று இருக்கிறது. கட்டினோம் என்றால் இரண்டு பேர். அது கிடக்கட்டும், அன்று நிஜமாக என்ன நடந்தது என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். அந்த நபரை எத்தனை வருடமாகத் தெரியும்? முதல் சீட்டுப் பணம் ஒழுங்காக வந்ததா? தெருவில் இன்னும் எத்தனை பேர் கட்டினார்கள்? நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கட்டியிருக்கமாட்டீர்கள். ஏதோ காரணம் இருந்திருக்கும், அதை எழுதுங்கள். பிறகு, கேட்காமல் விட்ட கேள்வி எது என்று பாருங்கள். எனக்குத் தெரிவது ஒன்றுதான்: இந்தச் சீட்டு பதிவு செய்ததா? 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி, அரசின் முன் அனுமதியும் பதிவும் இல்லாமல் சீட்டு நடத்தக்கூடாது. தெருச் சீட்டில் இதைக் கேட்கும் வழக்கமே நம்மிடம் கிடையாது, கேட்டால் "நம்பிக்கை இல்லையா?" என்று மூஞ்சியைத் தூக்குவார்கள். நீங்கள் விட்டது அந்த ஒரு கேள்வி. அடுத்தமுறை கேட்டுக்கொள்ளலாம். அதற்காக மிக்ஸி விஷயத்திலும் உங்கள் மூளை வேலை செய்யாது என்று ஆகிவிடுமா? ஒரு இடத்தில் தைவதம் தவறியதற்காக ஏழு ஸ்வரத்தையும் யாரும் விட்டுவிடுவதில்லை.

இனிச் சின்ன முடிவுகளை அதே நோட்டில் எழுதி எடுங்கள். எதை எடுக்கிறேன், ஏன், என்ன ஆகும் என்று எதிர்பார்க்கிறேன் – மூன்று வரி, மேலே தேதி. மூன்று மாதம் கழித்துத் திரும்பிப் பாருங்கள். சிலது தப்பாகத்தான் போயிருக்கும். அதை அடிக்காதீர்கள், பக்கத்தில் காரணம் எழுதுங்கள். நம் நினைவு ஓரவஞ்சனைக்காரி. போன 2 லட்சத்து 40 ஆயிரத்தை நாள் தவறாமல் எடுத்துக்காட்டுவாள். மகளைச் சரியான கல்லூரியில் சேர்த்ததை ஒருநாளும் காட்டமாட்டாள். அதையெல்லாம் எழுதி வைத்தால்தான் உண்டு.

உங்கள் கணவர் சிரிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. அவருக்கு அது வேடிக்கை, பழகிப்போன சிரிப்பு. மூன்று வருடமாக அது எங்கே போய்க் குத்துகிறது என்று அவருக்குத் தெரியாமலும் இருக்கலாம். தெரிந்தே சிரிக்கிறார் என்றால் வேறு பேச்சு. எதுவானாலும், சண்டை இல்லாத ஒரு நேரம் பார்த்து, "இந்தச் சிரிப்பு எனக்கு வேண்டாம்" என்று நேராகச் சொல்லுங்கள். விளக்கம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் சீட்டுக் கதை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துவிடும்.

இன்னொன்று. மூன்று வருடத்தில் தூக்கம் கெட்டிருக்கிறதா, காரணமில்லாமல் நெஞ்சு படபடக்கிறதா, எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் கிடந்ததுண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், தம்பூரா மட்டும் போதாது. 14416 என்ற எண்ணில் அரசின் டெலிமானஸ் மனநல உதவி இலவசமாக, எந்த நேரமும், தமிழிலேயே கிடைக்கிறது. தயங்காமல் பேசுங்கள். பாட்டும் ஒரு பக்கம் நடக்கட்டும்.

மறுபடி தொடங்கலாமா என்று கேட்டதற்குப் பதில் இந்நேரம் உங்களுக்கே தெரிந்திருக்கும். நான் சொல்லமாட்டேன் என்றது நேர் வகுப்பா, ஆன்லைனா என்பதை. தெரிந்ததை மட்டும் வைக்கிறேன். வீடியோ காலில் சத்தம் சற்றுப் பிந்தி வரும், அதனால் டீச்சரும் நீங்களும் சேர்ந்து பாட முடியாது. அவர் பாடி நிறுத்த வேண்டும், பிறகு நீங்கள் பாடவேண்டும். நேரில் போனால் கூடவே பாடலாம், டீச்சரின் தம்பூரா நாதம் உடம்பில் படும். ஆனால் போகவர அலைச்சல், கூடப் படிப்பதெல்லாம் பத்து வயதுப் பிள்ளைகள், அவர்கள் ஐந்தரைக் கட்டையில் இருப்பார்கள். உங்கள் கட்டையில் சொல்லிக்கொடுப்பாரா என்று சேரும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். முடிவை மட்டும் நோட்டில் மூன்று வரியாக எழுதி, தேதி போட்டு நீங்களே எடுங்கள். தங்கைக்கு அப்புறம் தகவல் சொன்னால் போதும்.

எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். எத்தனை கட்டை என்று மட்டும்.