வேலப்பரைக் கும்பிடுகிற வீட்டுப் பெண் அங்கே சேரலாமா?

கேள்வி: அக்கா, திண்டுக்கல்லில் பி.ஏ. பொருளாதாரம் கடைசி வருடம் படிக்கிறேன். மேல்படிப்புக்கு நெதர்லாந்தில் டில்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போடலாம் என்று சீனியர் ஒருவர் சொன்னார். அது கத்தோலிக்கர்கள் ஆரம்பித்தது என்று தெரிந்ததும் அப்பா யோசிக்கிறார். நாங்கள் பூம்பாறை குழந்தை வேலப்பரைக் கும்பிடுகிற குடும்பம். ஞானஸ்நான சர்டிபிகேட் ஏதும் கேட்பார்களா? (பெயர் வேண்டாம் என்ற வாசகி, மன்னவனூர்)

பதில்: கேட்க மாட்டார்கள் தங்கச்சி. மதிப்பெண் பட்டியல், ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் போன்றவற்றைத்தான் கேட்பார்கள்.

அப்பாவிடம் கொஞ்சம் கதையாகவே சொல்லுங்கள். நூறு வருடத்துக்கு முந்தைய நெதர்லாந்தில் கத்தோலிக்கருக்கு ஒரு பள்ளிக்கூடம், புராட்டஸ்டன்டுக்கு இன்னொன்று, தொழிற்சங்கம் தனித்தனி, பத்திரிகை தனித்தனி, ரேடியோ கூடத் தனி (நம் பக்கத்தில் சாதிக்கொரு கல்யாண மண்டபம் இல்லையா, அந்த மாதிரி). அப்படித்தான் 1923-ல் நைமேகனில் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் வந்தது, 1927-ல் டில்பர்க்கில் ரோமன் கத்தோலிக்க வணிகக் கல்லூரி வந்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான மார்ட்டினஸ் கோபன்ஹாகன் பாதிரியார், பொருளாதாரமும் சொல்லிக்கொடுத்தவர். வளாகத்தில் அவர் பெயரில் ஒரு கட்டடமே இருக்கிறது. அப்புறம் பெயரை மாற்றி மாற்றி வைத்தார்கள். 2002-ல் 'கத்தோலிக்க' என்ற சொல்லே பெயரிலிருந்து போய்விட்டது. கத்தோலிக்க அடையாளத்தில் இறையியல் படிப்பு மட்டும் தொடர்ந்தது. அதற்கெல்லாம் முன்னாலேயே 1969-ல், நிர்வாகத்தில் எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று மாணவர்கள் கட்டடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, சுவரில் 'கார்ல் மார்க்ஸ் பல்கலைக்கழகம்' என்று எழுதிவிட்டார்கள். பாதிரியார்கள் கட்டிய சுவரில்! அப்பா இதைக் கேட்டு வேறு விதமாகப் பயப்படாமல் இருந்தால் சரி.

மன்னவனூர் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் ஊரில் ஆட்டுப் பண்ணை இருக்கிற மாதிரி, டில்பர்க்கும் கம்பளியால் வளர்ந்த ஊர். ரோமத்தில் ஒட்டியிருக்கிற எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க அந்தக் காலத்தில் சிறுநீரைப் பயன்படுத்தினார்கள், அதிலிருக்கும் அம்மோனியா பிசுக்கை எடுத்துவிடும். ஆட்கள் வீட்டிலேயே ஜாடியில் பிடித்து வைத்து ஆலைக்குக் கொண்டு போவார்களாம். டில்பர்க்காரர்களை 'ஜாடியில் பெய்கிறவர்கள்' என்று இன்றைக்கும் கேலி செய்கிறார்கள், அவர்களும் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டு திருவிழாவில் ஊருக்கே 'ஜாடி நகரம்' என்று பெயர் மாற்றிக்கொள்கிறார்கள்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது மதத்தைப் பற்றி அல்ல, கணக்கைப் பற்றி. டில்பர்க் பொருளாதாரத்தில் பேர் வாங்கியதே கணக்குப் போட்டுத்தான். நம் பி.ஏ.-வில் ரிக்ரெஷனை (ஒன்று மாறினால் இன்னொன்று எவ்வளவு மாறும் என்று தரவிலிருந்து கணிக்கிற முறை) இரண்டு பக்கத்தில் முடித்துவிடுவார்கள், அங்கே முதல் வாரமே அதில்தான் தொடங்கும். விண்ணப்பிக்கும் முன்னால் ஆறு மாதம் புள்ளியியலும் அதற்கான 'ஆர்' (R) மென்பொருளும் உட்கார்ந்து படியுங்கள்.

கேள்வி: மகன் அதே டில்பர்க்கைத்தான் சொல்கிறான். இன்ஜினியரிங்கே இல்லாத பல்கலைக்கழகமாமே, அங்கே அப்படி என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்? (ஒரு தகப்பனார், பண்ணைக்காடு)

பதில்: பொருளாதாரம், நிர்வாகம், சட்டம், உளவியல், சமூகவியல், இப்போது டேட்டா சயின்ஸும். மனிதர்களை எண்ணிப் பார்க்கிற ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய விழுமிய ஆய்வு என்று ஒன்று 1981-லிருந்து நடக்கிறது, அதைத் தொடங்கியதில் டில்பர்க்குக்கும் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்துக்கும் பெரிய பங்கு. கிட்டத்தட்ட ஒன்பது வருடத்துக்கு ஒரு தடவை நாடு நாடாகப் போய் கடவுள் உண்டா, கோயிலுக்கு எத்தனை முறை போகிறீர்கள், பக்கத்து வீட்டில் யார் குடியிருந்தால் பிடிக்காது என்றெல்லாம் கேட்கிறார்கள். அந்தக் கடைசிக் கேள்வியை நம் கொடைக்கானல் மலையில் கேட்டால் வரும் பதிலை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஐரோப்பாவில் நம்பிக்கை எங்கே போகிறது என்ற கத்தோலிக்கக் கவலையும் அதன் தொடக்கத்தில் இருந்தது, இப்போது உலகம் முழுக்க ஆய்வாளர்கள் அந்தத் தரவை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். மேலே மன்னவனூர் அப்பாவின் தயக்கமே அந்தப் படிவத்தில் போடத் தகுந்த ஒரு வரிதான்.

கேள்வி: நெதர்லாந்தில் பார்ட் டைம் வேலை பார்த்தே பீஸ் கட்டிவிடலாம் என்கிறாரே ஏஜென்ட்? (பெருமாள்மலை)

பதில்: முடியாது. நம் மாணவர்கள் வாரத்துக்கு 16 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம், இல்லையென்றால் ஜூன், ஜூலை, ஆகஸ்டில் முழு நேரம். அதற்கும் வேலை கொடுக்கிறவர் பெர்மிட் வாங்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து போகிறவர்களுக்குக் கட்டணம் பல மடங்கு. அந்தச் சம்பளம் சாப்பாட்டுக்கு உதவும், அவ்வளவுதான். படிப்பு முடிந்ததும் வேலை தேட ஒரு வருடம் தங்கலாம், அது நல்ல ஏற்பாடு.

மன்னவனூர்த் தங்கச்சிக்கு ஒரு வார்த்தை விட்டுப் போச்சு. குளிர் உங்களுக்குப் பழக்கம்தான். சைக்கிள் ஓட்டத் தெரியுமா? நம் மேட்டில் எங்கே ஓட்டிப் பழகுவது! எனக்கே திண்டுக்கல் மாமா வீட்டில் இருபத்திரண்டு வயதில்தான் வந்தது, முழங்காலில் தழும்பு இன்னும் இருக்கிறது. அங்கே பேராசிரியரும் சைக்கிளில்தான் வருவார், கல்லூரி லீவில் சமவெளியில் ஓட்டிப் பழகிவிட்டுப் போங்கள்.