மலை ஏறும் மின்சார கார்: கம்பம், போடி, குமுளி ஓட்டுநர்களின் கேள்விகளுக்குப் பதில்

கீழே கம்பம், போடி, கூடலூர் பக்கமிருந்தும், மேலே குமுளி, நெடுங்கண்டம், வண்டன்மேடு பக்கமிருந்தும் மின்சார கார் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன். நான் டூரிஸ்ட் வண்டி ஓட்டுபவன். இப்போது ஓட்டுவது 45 யூனிட் பேட்டரி உள்ள நெக்ஸான் இவி. பேட்டரி அளவை எல்லா இடத்திலும் யூனிட் கணக்கிலேயே சொல்கிறேன். ஒரு கிலோவாட் மணி என்பது நம் வீட்டு மீட்டரில் ஓடும் ஒரு யூனிட்தான்.

உத்தமபாளையம் ஆசிரியர்: அண்ணே, பஞ்ச், நெக்ஸான், விண்ட்சர் மூன்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரமான ரேஞ்சை எழுதி வைத்து ஒப்பிட்டும் முடிவுக்கு வர முடியவில்லை. எதை எடுக்கலாம்?

சார், ரேஞ்சை ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி. இரவில் வண்டி எங்கே நிற்கும்? சொந்த வீட்டு வாசலில், பிளக் எட்டும் தூரத்தில் நிற்கும் என்றால் மேலே பேசலாம். தெருவில்தான் நிறுத்த வேண்டும் என்றால் எந்த மாடலும் இப்போதைக்கு வேண்டாம். தினமும் வெளியே தேடிப் போய் சார்ஜ் போடுகிறவர்களுக்கு ஆறு மாதத்தில் வண்டி மேல் வெறுப்பு வந்துவிடுகிறது, வண்டி நல்ல வண்டியாக இருந்தாலும்.

அப்புறம் ரேஞ்ச். கம்பெனி தரும் எண்களை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடியாது. 2024ல் வந்த 35 யூனிட் பஞ்சுக்கு 421 கி.மீ. என்று சான்று, 38 யூனிட் விண்ட்சருக்கு 332 என்று சான்று. பெரிய பேட்டரிக்குச் சின்ன எண். ஆகவே நான் வைத்திருக்கும் கணக்கு எளிது: ஏசி போட்டு, சமவெளியில் 70, 80 வேகத்தில் போனால் ஒரு யூனிட்டுக்கு 7 கி.மீ. அதில் 15 சதவீதத்தைக் கையிருப்பாகக் கழித்துவிடுங்கள். பஞ்ச் 208 கி.மீ., விண்ட்சர் 226, 45 யூனிட் நெக்ஸான் 268.

உங்களுக்கு மதுரை போய்த் திரும்ப 210 கி.மீ. போல வரும். நெக்ஸான் எங்கும் நிற்காமல் வீடு வந்து சேரும். விண்ட்சர் ஒட்டி வரும். பஞ்சுக்கு மதுரையில் சாப்பிடும் நேரத்தில் அரை மணி சார்ஜ் வேண்டும். நீங்கள் மதுரை போவது மாதம் ஒரு முறை, மற்ற நாளெல்லாம் பள்ளிக்கூடம் என்றால் பஞ்ச் போதும். அந்த அரை மணிக்காகச் சில லட்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. வயதான அப்பா அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து அடிக்கடி போவீர்கள் என்றால் விண்ட்சர். பின் இருக்கையில் கால் நீட்டும் இடம் அதில்தான் அதிகம்.

போடி, கால் டாக்ஸி ஓட்டுநர்: போடிமெட்டு ஏறி முடிப்பதற்குள் பாதி சார்ஜ் போய்விடும் என்கிறார்கள். நிஜமா?

இல்லை தம்பி. கணக்குப் போட்டே காட்டுகிறேன். போடி கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர், போடிமெட்டு சுமார் 1,350. ஏற வேண்டியது ஆயிரம் மீட்டர், 17 கொண்டை ஊசி வளைவுகள். ஆட்களோடு 1,700 கிலோ உள்ள ஒரு வண்டியை ஆயிரம் மீட்டர் தூக்க நாலரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் வேண்டும். 26 கி.மீ. சாலையில் உருள்வதற்கு மூன்று, மூன்றரை யூனிட். ஏறும்போது வீணாவதையும் சேர்த்து 8, 9 யூனிட். 45 யூனிட் பேட்டரியில் இது ஐந்தில் ஒரு பங்கு. 24 யூனிட் டியாகோ எடை குறைந்த வண்டி என்பதால் 7 யூனிட் போல எடுக்கும், ஆனால் அதன் பேட்டரிக்கு அது முப்பது சதவீதம்.

பயம் வருவது திரையில் தெரியும் கி.மீ.யால்தான். வண்டி கடைசியாக எவ்வளவு குடித்ததோ அதை வைத்து மீதி தூரத்தை ஊகிக்கிறது. ஏற்றத்தில் 250 என்று இருந்தது நாலு வளைவில் 170 ஆகும். அதைப் பார்க்காதே, சதவீதத்தைப் பார்.

இறங்கும்போது மோட்டாரே கரண்டு உண்டாக்கிப் பேட்டரிக்குத் திருப்பும். அதைத்தான் ரீஜென் என்கிறோம். குமுளி மலைப்பாதையில் போகும்போது முல்லைப்பெரியாறு தண்ணீர் பெரிய குழாய்களில் இறங்கி லோயர் கேம்பில் மின்சாரம் ஆவதைப் பார்த்திருப்பாய், இங்கே தண்ணீருக்குப் பதில் வண்டியின் எடை. தூக்கப் போட்ட நாலரை யூனிட்டில் மூன்று போலத் திரும்பி வரும். இறங்கும் வழிச் செலவுக்கு அது சரியாகிவிடும். போடிமெட்டில் 60 சதவீதம் இருந்தால் போடி வரும்போதும் ஏறக்குறைய 60தான், சில நாள் ஒன்றிரண்டு கூடியிருக்கும்.

இதில் ஒரு விஷயத்தை எல்லா ஓட்டுநர்களும் மனதில் வைக்க வேண்டும். சின்னக்கானல், சூரியநெல்லி பக்கம் தங்கும் விடுதிகளில் இப்போது இரவு சார்ஜ் போட விடுகிறார்கள். விடிய விடியப் போட்டு 100 சதவீதம் நிரப்பிவிட்டு இறங்கினால் ரீஜென் சரியாக வேலை செய்யாது. நிரம்பிய பேட்டரிக்குள் கரண்டு போக இடம் இல்லை. பெடலிலிருந்து காலை எடுத்ததும் வழக்கமாக இழுத்துப் பிடிக்கும் வண்டி அன்றைக்குப் பிடிக்காமல் நழுவும். முதல் இரண்டு வளைவில் இது தெரியாமல் போனால் மிதி பிரேக்கை மட்டுமே நம்பி இறங்க வேண்டும், வீல் பக்கம் கருகிய வாடை வரும். மேலிருந்து புறப்படுகிற காலையில் 85, 90 போதும். சார்ஜ் அளவை முன்கூட்டியே நிறுத்தும் வசதி உன் வண்டியில் இருந்தால் இரவே அமைத்துவிட்டுத் தூங்கு.

கூடலூர், திராட்சைத் தோட்டக்காரர்: வீட்டில் 15 ஆம்பியர் பிளக்கில் போட்டால் சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிகிறது. கடையில் சார்ஜர் சரியாக இருக்கிறது என்கிறார்கள். தோட்டத்து மோட்டார் லைனில் போடலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். கூடாது. இலவச விவசாய மின்சாரம் பாசனத்துக்கு மட்டும்தான். அதில் காரைச் சொருகினால் இணைப்புக்கே ஆபத்து.

சிவப்பு விளக்குக்குப் பெரும்பாலும் காரணம் எர்த். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் எர்த் குழியில் பல வருடமாகத் தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டார்கள், சில வீட்டில் எர்த் கம்பியே பிளக் வரை வந்திருக்காது. ஃபேனும் மிக்ஸியும் அது இல்லாமல் ஓடும். கார் சார்ஜர் எர்த் சரியில்லை என்றால் தொடங்கவே தொடங்காது. அது உங்கள் உயிரைக் காப்பாற்ற வைத்த ஏற்பாடு. சிலர் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டி ஏமாற்றச் சொல்லித் தருவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். மழை நாளில் ஈரக் காலோடு கதவைத் தொடும் குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள்.

மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுங்கள், 4 சதுர மி.மீ. செம்புக் கம்பி, கரண்டு அளவுக்கு மீறினால் அணைக்கும் தனி எம்சிபி, கூடவே கரண்டு கசிந்தால் அணைக்கும் ஆர்சிசிபி. எர்த் புதிதாகப் போடுங்கள். சுவரில் மாட்டும் 7.2 கிலோவாட் சார்ஜரான வால் பாக்ஸ் வைப்பதென்றால் 6 சதுர மி.மீ. கம்பியும், மின்வாரியத்தில் லோடு உயர்த்தி வாங்குவதும் சேரும். சாயங்காலம் தோட்டங்களில் மோட்டார் ஓடும் நேரம் வோல்டேஜ் இறங்கும், சார்ஜ் மெதுவாகும். இரவு பத்து மணிக்கு மேல் போடுவது நல்லது. தினம் 70 கி.மீ. ஓட்டினால் பத்துப் பதினோரு யூனிட், சாதாரண பிளக்கில் மூன்றரை மணி நேரம்.

பில்லையும் பாருங்கள். மாதம் 1,200 கி.மீ. ஓட்டினால், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து 190 யூனிட், இரண்டு மாதத்துக்கு 380. வீட்டுச் செலவு 300 என்றால் மொத்தம் 680. தமிழ்நாட்டில் 500 யூனிட்டைத் தாண்டியதும் கட்டணம் வேகமாக ஏறும். உங்களுக்கு வெயில் விழும் மொட்டை மாடி இருக்கிறது. 3 கிலோவாட் சோலார் ஒரு நாளைக்குச் சராசரியாக 12 யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 720. பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் அந்த அளவுக்கு 78,000 ரூபாய் மானியம். கார் வாங்குகிற பணத்தில் கொஞ்சம் ஒதுக்கி இதைச் சேர்த்துப் போடுங்கள் என்று எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன்.

குமுளி, டாக்ஸி ஓட்டுநர்: நெடும்பாசேரி ஏர்போர்ட் சவாரிக்கு மின்சார வண்டி தாங்குமா?

தாங்கும். குமுளியிலிருந்து 150 கி.மீ. போல. போகும்போது இறக்கம் என்பதால் 17, 18 யூனிட். திரும்பும்போது குட்டிக்கானம் ஏற்றம் இருக்கிறது, 26 வரை போகும். 45 யூனிட் வண்டியில் இறக்கிவிட்டு, விமானத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் முக்கால் மணி சார்ஜ் போட்டால் நிம்மதியாக ஏறிவிடலாம்.

சார்ஜ் நிலையம் தேர்வதில்தான் கவனம். 60 கிலோவாட் என்று பலகை இருக்கும், ஆனால் பல இடங்களில் வண்டியில் சொருகும் கன் இரண்டு, பக்கத்தில் இன்னொரு வண்டி சொருகியதும் ஆளுக்கு 30தான். 80 சதவீதத்துக்கு மேல் எந்த வண்டியும் மெதுவாகத்தான் ஏற்றும். அதற்கு மேல் காத்திருக்காமல் எடுத்துவிடுங்கள், பின்னால் நிற்பவருக்கும் அது உதவி. கேரளாவில் காலை 9 முதல் மாலை 4 வரை சார்ஜ் கட்டணம் குறைவு, அதற்குப் பிறகு கூடுதல். மின்கம்பத்தில் கேரள மின்வாரியமான கேஎஸ்இபி மாட்டியிருக்கும் சின்னச் சார்ஜர்களை நம்பி வர வேண்டாம், அவை ஆட்டோவுக்கும் டூவீலருக்கும். இரண்டு மூன்று ஆப்களில் முன்பே பணம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மலையில் சிக்னல் இல்லாத இடத்தில் ஓடிபி வராது.

வாடகை வண்டிக்குப் பச்சை நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து. மின்சார வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை என்று 2018லேயே மத்திய அரசு அறிவித்துவிட்டது.

நெடுங்கண்டம், ஏலக்காய் வியாபாரி: பேட்டரியை வாடகைக்கு எடுக்கும் திட்டம் லாபமா? தேனி விலாசத்தில் பதிவு செய்யலாமா?

இதில் காருக்கு மட்டும் விலை கொடுத்து, பேட்டரிக்கு ஓடிய தூரத்துக்கு ஏற்ப வாடகை கட்ட வேண்டும். விண்ட்சர் 2024 செப்டம்பரில் வந்தபோது கி.மீ.க்கு 3.50 ரூபாய் வாடகை என்றார்கள். கரண்டுக்கு ஒன்றேகால் ரூபாய் சேர்த்தால் 4.75. டீசல் கார் இன்றைய விலையில் ஐந்து, ஐந்தரை. பெரிய மிச்சம் இல்லை. கையில் முழுப் பணம் இல்லாதவருக்கு அது ஒரு வழி, அவ்வளவே. மேலும் கேரளா 2025 பட்ஜெட்டில் மின்சார கார்களின் வாகன வரியை மாற்றிவிட்டது: விலை 15 லட்சம் வரை 5 சதவீதம், 20 லட்சம் வரை 8, அதற்கு மேல் 10. பேட்டரி வாடகை வண்டிக்கு நேராக 10. உங்களுக்கு பேட்டரியோடு சேர்த்து வாங்குவதே சரி.

தேனியில் உண்மையாகக் குடியிருந்தால் பதிவு செய்யுங்கள். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டி நின்றால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம்.

கம்பம், ஜவுளிக் கடை வைத்திருக்கும் தங்கை: 2021 நெக்ஸான் இவி ஒன்று விலைக்கு வருகிறது. எப்படிப் பார்த்து வாங்குவது அண்ணே?

அந்த வண்டியில் 30.2 யூனிட் பேட்டரி. உத்தரவாதம் எட்டு வருடம் அல்லது 1,60,000 கி.மீ., எது முதலில் வருகிறதோ அது. மிச்ச உத்தரவாதம் உன் பெயருக்கு மாறும் என்று சர்வீஸ் சென்டரில் எழுத்தில் வாங்கு, பேட்டரி ஆரோக்கிய அறிக்கையும் கேள்.

அப்புறம் நீயே ஒரு சோதனை செய். 100 சதவீதம் நிரப்பச் சொல்லி, தேனி வரை போய்த் திரும்பு. 75, 80 கி.மீ. ஏசி போடு, 70க்கு மேல் போகாதே. 60 சதவீதம் பக்கம் மீதி இருந்தால் பேட்டரி நலம். 50க்குக் கீழே வந்தால் என்ன விலை சொன்னாலும் விட்டுவிடு. டயரையும் பார். மின்சார கார் எடை அதிகம், கிளம்பும் வேகமும் அதிகம், முன் டயர் சீக்கிரம் தேயும். பிரேக் பேட் பற்றிக் கவலை வேண்டாம், ரீஜென் இருப்பதால் நெடுநாள் வரும்.

சின்னமனூர் வாசகர்: பேட்டரியில் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்), என்எம்சி (நிக்கல் மாங்கனீஸ் கோபால்ட்) என்று இரண்டு ரகம் என்கிறார்களே, எது நல்லது?

நம் வெயிலுக்கும் தினசரி ஓட்டத்துக்கும் எல்எஃப்பி. சூட்டை நன்றாகத் தாங்கும், அதிக முறை சார்ஜ் ஏற்றி இறக்கலாம். நெக்ஸான், விண்ட்சர், பிஒய்டி அட்டோ 3, மஹிந்திரா பிஇ 6 எல்லாம் எல்எஃப்பி. அதை வாரம் ஒரு முறை 100 வரை ஏற்ற வேண்டும், இல்லையென்றால் திரையில் சதவீதம் தப்பாகக் காட்டும். கிரெட்டா எலெக்ட்ரிக் என்எம்சி. குறைந்த எடையில் அதிக சக்தி, ஆனால் தினமும் 80 வரை ஏற்றினால் போதும்.

வண்டன்மேடு, எஸ்டேட் ஆட்களை ஏற்றும் ஜீப் ஓட்டுநர்: எங்களுக்கு ஏதாவது உண்டா?

இன்றைக்கு இல்லை அண்ணே. கம்பத்திலிருந்து விடியற்காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு ஏறி, அங்கிருந்து கல் பாதையில் தோட்டத்துக்குள் இறங்கும் வேலைக்கு நாலு சக்கரமும் இழுக்கும், விலை கட்டுப்படியான மின்சார வண்டி சந்தையில் வரவில்லை. யாராவது சாதாரண காரைக் காட்டி முடியும் என்றால் நம்பாதீர்கள். இந்த மலையில் அதிகம் டீசல் எரிவது உங்கள் தொழிலில்தான், முதலில் வர வேண்டிய வண்டியும் உங்களுடையதுதான். கேட்டுக்கொண்டே இருப்போம்.

போடி, புதிதாக வாங்கியவர்: சார்ஜ் தீர்ந்து மலையில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்கலாமா?

கூடாது. சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சுற்றும், உள்ளே கெட்டுப்போகும். நாலு சக்கரமும் தரையில் படாமல் ஏற்றிப் போகும் ஃபிளாட்பெட் வண்டியைக் கேட்டு வாங்குங்கள். காப்பீடு எடுக்கும்போதே சாலை உதவியில் ஃபிளாட்பெட் உண்டா, கேரள எல்லைக்குள்ளும் வருமா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.